புள்ளி தெரியும் தூரம்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அம்பத்தூரில் வெள்ளம் புகுந்த வீடுகளுள் ஒன்று எங்கள் நண்பர் குழுவுக்கு நன்கு பழக்கமானது. ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் வீடு அது. மரபீரோவின் கீழ்த்தட்டில், நாற்பதுகளின் நாவல்களுக்கும் சிற்றிதழ்க் கட்டுகளுக்கும் நடுவே, கோடுபோட்ட பள்ளி நோட்டு ஒன்று இருந்தது. அவருடைய தாயார் பென்சிலால் எழுதிவைத்த பாடல்கள். தாலாட்டு, கும்மி, நலுங்கு, ஒப்பாரி என்று 62 பக்கங்கள். பள்ளிக்கூடம் போகாமல், பிள்ளைகளின் பாடநூலைப் பார்த்துத் தானே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர் அந்த அம்மாள்.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தோம். கையில் ஒரு டிஜிட்டல் காமிரா, அதனுடன் பெட்டியிலேயே வந்த ஜூம் லென்ஸ். லென்ஸின் வளையத்தில் 'மேக்ரோ' என்று எழுதியிருந்ததை நம்பினோம். காமிராவின் தலையிலிருந்த ஃப்ளாஷைப் போட்டு, பக்கம் பக்கமாகக் கையில் பிடித்தே எடுத்தோம். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் நிலைமை புரிந்தது. பக்கத்தின் நடுப்பகுதி தெளிவாக இருந்தது, ஓரங்கள் கலங்கியிருந்தன. அதைவிடப் பெரிய குறை, பென்சில் எழுத்துகள் பல இடங்களில் கறுப்பாக இல்லாமல் வெள்ளியாக மின்னின. மெய்யெழுத்துகளின் தலைமேல் இருந்த புள்ளிகளில் பாதிக்கு மேல் காணோம்.

"நல்ல லென்ஸோட வர்றோம்யா, இன்னொரு தரம் எடுத்துக்குறோம்" என்று தொலைபேசியில் சொன்னோம். "எப்ப வேணா வாங்க தம்பி, நோட்டு எங்க போயிடப்போகுது" என்றார் அவர். நல்ல மேக்ரோ லென்ஸ் ஒன்றை வாங்கப் பணம் சேர்த்தோம். எதை வாங்குவது என்று மாதக்கணக்கில் விவாதித்தோம். லென்ஸ் வந்து சேருமுன் வெள்ளம் வந்துவிட்டது. நோட்டு மூன்று நாள் தண்ணீரில் கிடந்து, காகிதக் கூழாகி, மற்ற குப்பையோடு தெருவுக்குப் போயிற்று.

இப்போது அந்தப் பாடல்களின் எஞ்சிய வடிவம் எங்களுடைய தவறான படங்கள் மட்டுமே. எந்த லென்ஸை, எந்தத் துணைக்கருவிகளை எடுத்திருக்க வேண்டும் என்ற கேள்வியை நாங்கள் பின்னோக்கிக் கேட்கத் தொடங்கியது அப்படித்தான். கேள்வி எங்களை எதிர்பாராத இடங்களுக்கு இட்டுச்சென்றது. அவற்றுள் ஒன்று, எங்கள் வீடுகளிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருந்தது.

*

முதலில் புள்ளியைப் பற்றி. தமிழில் மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் அறிந்த விதி. எனினும் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணியின் கூர்முனையால் குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும், கிழியும். படிப்பவர் இடம் பார்த்துப் பொருள் கொண்டார். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு நிலைபெற்றது 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரின் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் என்பது நாம் அறிந்ததே. தமிழ் அச்சு 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலோடு தொடங்கிய பிறகும், புள்ளி அச்சில் முறையாக நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று.

புள்ளி போனால் என்ன ஆகும்? 'கல்வி' என்ற சொல்லில் ஒரு புள்ளி விழுந்துவிட்டால் அது 'கலவி' ஆகிவிடும். இது பழைய வேடிக்கைதான். ஆனால் ஏடு பெயர்த்தெழுதியவர்களும் பதிப்பாசிரியர்களும் வாழ்நாள் முழுவதும் பட்ட பாட்டின் சாரம் இந்த வேடிக்கைக்குள் இருக்கிறது. அச்சில் புள்ளி நிலைத்தபோது அந்தப் பாடு குறைந்தது. காமிரா வந்தபோது, தவறான கையில், அது திரும்பி வந்தது.

புள்ளியின் அளவை நாம் எளிதாக எடுத்துப் பார்க்கலாம். பழைய நாவல் ஒன்றின் பக்கத்தில் அளவுகோல் பதித்த உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தோம். புள்ளியின் குறுக்களவு ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். பக்கமோ கிரவுன் அளவு, உயரம் 18 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 460 மடங்கு உயரமுள்ள பரப்பில் இந்தப் பொட்டைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டும். பூச்சியின் கண்ணைப் படமெடுப்பவருக்கு உள்ள சிக்கல் வேறு. அவருக்கு ஆழம் வேண்டும், பின்புலம் கலங்க வேண்டும். புத்தகத்தைப் படமெடுப்பவருக்கு நடுவிலுள்ள புள்ளியும் மூலையிலுள்ள புள்ளியும் ஒரே கூர்மையில் வேண்டும்.

*

தமிழ் எழுத்தைக் காமிராவால் படியெடுக்கும் முயற்சியில் மிகப் பழையவற்றுள் ஒன்று, வியப்பூட்டும் அளவுக்குப் பெரியதும்கூட. லினீயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக இருந்தார். 1858இல் அவர் தஞ்சைப் பெரிய கோயிலின் விமான அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் படமெடுத்தார். 21 படங்களை வரிசையாக ஒட்டிச் சேர்த்த அந்தப் பட்டையின் நீளம் சுமார் 19 அடி. அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். வெயிலில் நீண்ட நேரம் ஒளிகாட்ட வேண்டிய பொருள் அது.

இந்தப் படத்தில் நமக்குப் பாடம் ஒன்று இருக்கிறது. ட்ரைப் ஒரே இடத்தில் நின்று காமிராவைத் திருப்பித் திருப்பி எடுக்கவில்லை. சுவருக்கு நேர் எதிரே காமிராவைப் படிப்படியாக நகர்த்திக்கொண்டு போனார். அதனால் 21 துண்டுகளும் இசைந்து சேர்ந்தன. எழுத்து இருக்கும் தளமும் படம் விழும் தளமும் இணையாக இருக்க வேண்டும் என்பதே படியெடுப்புப் புகைப்படத்தின் முதல் விதி. கையில் பிடித்து எடுத்த நாங்கள் 62 பக்கங்களிலும் மீறிய விதி அது.

இருந்தும், கல்வெட்டியலில் காமிரா முதலிடம் பெறவில்லை. ஹூல்ச் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890இல் வந்தது. அந்தத் துறையின் அன்றாட வேலை மசிப்படியைக் கொண்டே நடந்தது. ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒற்றி, தூரிகையால் தட்டிப் பள்ளங்களுக்குள் செலுத்தி, மேலே மசி தடவினால் எழுத்து வெள்ளையாகத் தெரியும். ஏன் இந்த வழி? எழுத்து கல்லில் நிறமாக இல்லை, பள்ளமாக இருக்கிறது. பள்ளம் தெரிவது நிழலால். நேர் வெயில் நிழலைக் கொன்றுவிடும். இந்த உண்மையை எங்கள் பென்சில் நோட்டோடு சேர்த்து எண்ணிப்பார்க்க எங்களுக்குச் சில ஆண்டுகள் ஆயின.

*

நெருங்கி எடுப்பதன் வரலாற்றில் இன்னொரு கிளை, எழுத்தைச் சுருக்கும் கிளை. மான்செஸ்டரில் கண்ணாடிக் கருவிகள் செய்த ஜான் பெஞ்சமின் டான்சர், புகைப்படம் பிறந்த 1839லேயே, ஆவணத்தை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டிய அளவுக்குச் சுருக்கிக் காட்டினார். அது அப்போது விளையாட்டுப் பொருள். 1870-71இல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டபோது ரெனே டாக்ரான் அதே உத்தியால் செய்திகளைச் சுருக்கிப் புறாவின் வாலில் கட்டி அனுப்பினார். 1920களில் நியூயார்க் வங்கியாளர் ஜார்ஜ் மெக்கார்த்தி காசோலைகளைப் படச்சுருளில் பதியும் பொறி செய்தார். கோடாக் நிறுவனம் அதை வாங்கி 1928இல் 'ரெகார்டாக்' என்ற பெயரில் விற்றது. 1935இல் நாளிதழ்களை நுண்படமாக்கும் வேலை தொடங்கியது. 1938இல் யூஜீன் பவர் ஆன் ஆர்பர் நகரில் நூல்களுக்கென்றே ஒரு நுண்பட நிறுவனத்தைத் தொடங்கினார்.

இவையெல்லாம் ரோமன் எழுத்துக்கு. அங்கே 'ஐ', 'ஜே' என்ற இரண்டு சிற்றெழுத்துகளின் தலையில் மட்டுமே புள்ளி. அது விழுந்தாலும் படிப்பவர் தடுக்கிவிழ மாட்டார். ஜப்பானியரின் நிலை வேறு. அவர்கள் எழுதும் சீன வழி எழுத்து ஒன்றிலேயே இருபது கோடுகள் நெருங்கி நிற்கும். மேற்கில் போதுமானதாக இருந்த லென்ஸ் அங்கே அந்த எழுத்தைக் கறுப்புக் கட்டியாக்கிவிட்டது. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கோவானா மசாவோ இந்தக் குறையை உணர்ந்து, இன்று நிக்கான் என்று நாம் அறியும் நிறுவனத்தாரிடம் எடுத்துச் சொன்னார். 1956இல் 5 சென்டிமீட்டர் குவிய நீளமும் எஃப் 3.5 துளையும் கொண்ட மைக்ரோ நிக்கார் லென்ஸ் வெளிவந்தது.

அதற்கு ஓராண்டு முன்னரே, 1955இல், ஜெர்மனியின் ஹைன்ஸ் கில்ஃபிட் 'மேக்ரோ கிலார்' என்ற 40 மி.மீ. லென்ஸைக் கொண்டுவந்திருந்தார். 35 மி.மீ. எதிரொளிப்புக் காமிராக்களுக்கான முதல் மேக்ரோ லென்ஸ் என்று அதைச் சொல்வது வழக்கம். ஆயினும் பெயர் வேறுபாட்டைக் கவனியுங்கள். மற்றவர்கள் 'மேக்ரோ' என்று எழுதும் இடத்தில் நிக்கான் 'மைக்ரோ' என்றே எழுதிவருகிறது. அந்தப் பெயர் மைக்ரோஃபிலிமிலிருந்து வந்தது. பிற்காலத்தில் உலகெங்கும் தும்பியையும் சிலந்தியையும் பூவிதழையும் படமெடுத்த ஒரு லென்ஸ் வரிசை, மூலத்தில் எழுத்தைப் படியெடுக்கப் பிறந்தது. ஒரு மொழி தன் எழுத்தின் நுண்மைக்கேற்பக் கண்ணாடியைத் தீட்டச் சொன்னது. தமிழுக்காக யாரும் அப்படி ஒரு லென்ஸைத் தீட்டவில்லை. பிறர் தீட்டியதைத் தமிழுக்குப் பயன்படுத்தியவர்கள் உண்டு.

*

அவர்களைப் பார்க்க நாம் முகப்பேருக்குப் போக வேண்டும். 'மகப்பேறு' என்பதே முகப்பேர் ஆயிற்று என்று ஊரார் சொல்லும் கதை ஒன்றுண்டு. இன்று மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்தைச் சேர்ந்த இந்தப் பகுதிக்கு 1990களின் நடுவில் ஒரு நூலகம் வந்து சேர்ந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு அது.

முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். புத்தகம், சிற்றிதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று அச்சான எதையும் விடாமல் சேர்த்தவர். 1992இல் அவர் காலமானபோது, சேகரிப்பு ஒரு லட்சம் உருப்படிகளுக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. வாங்கியவர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை என்பதே இந்தக் கதையின் மிக முக்கியமான வாக்கியம். மொழி அறக்கட்டளையின் துணையோடு சேகரிப்பு சென்னையிலேயே வைக்கப்பட்டு, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. 1998 முதல் 2001 வரை சு. தியடோர் பாஸ்கரன் அதன் இயக்குநராக இருந்தார். பின்னர் நூலகம் தரமணிக்கு இடம்பெயர்ந்தது.

முகப்பேர் நாட்களில் அங்கு நடந்த தலையாய வேலைகளுள் ஒன்று, நூல்களை நுண்படச் சுருளில் ஏற்றுவது. காகிதம் அமிலத்தால் பழுத்து நொறுங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை புரட்டும்போதும் ஓரம் உதிரும். ஒருமுறை ஒழுங்காகப் படமெடுத்துவிட்டால், பிறகு ஆய்வாளர் சுருளைப் பார்க்கலாம், நூலுக்கு ஓய்வு கிடைக்கும்.

நுண்படக் காமிரா, படுக்கை மேசைக்கு மேலே ஒரு தூணில் தலைகீழாகத் தொங்கும். நூல் கீழே மல்லாந்திருக்கும். இருபுறமும் விளக்குகள். 10இல் ஒரு பங்காகச் சுருக்கினால் நம்முடைய 0.4 மி.மீ. புள்ளி படச்சுருளில் 40 மைக்ரான் ஆகும், தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. மில்லிமீட்டருக்கு 100 இணைக்கோடுகளுக்கு மேல் பிரித்துக் காட்டும் நுண்ணிய படச்சுருளுக்கு அது சிரமமில்லை. நல்ல லென்ஸும் அசையாத தூணும் சரியான ஒளியும் இருந்தால் புள்ளி தப்பிக்கும். ஒவ்வொரு சுருளிலும் சோதனைக் கோடுகள் கொண்ட அட்டை ஒன்றையும் சேர்த்துப் படமெடுப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. கோடுகள் பிரிந்து தெரிகின்றனவா என்று உருப்பெருக்கியில் பார்த்தபின்பே சுருளை ஏற்றுக்கொள்வார்கள். 'எடுத்தாயிற்று' என்பதும் 'எடுத்தது சரியாக இருக்கிறது' என்பதும் இரண்டு வேலைகள். நாங்கள் முதல் வேலையோடு எழுந்து வந்தவர்கள்.

படச்சுருளுக்கும் ஆயுள் உண்டு. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டுக்கு மாற்றாக 1948இல் வந்த ட்ரைஅசெட்டேட் சுருள், பத்தாண்டுக்குள் கெடத் தொடங்கியது. புளித்த காடியின் நெடி வீசும் அந்தச் சிதைவைப் பற்றிய முதல் புகார் கோடாக் நிறுவனத்துக்கு இந்திய அரசிடமிருந்தே போனது. நம்முடைய வெப்பமும் ஈரமும் செய்த வேலை. பிறகு வந்த பாலியெஸ்டர் சுருளை விதிப்படி பதப்படுத்திக் குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்தால் 500 ஆண்டு தாங்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதைப் படிக்க ஒரு விளக்கும் ஒரு லென்ஸும் போதும்.

*

இனி, நாங்கள் மாதக்கணக்கில் விவாதித்த லென்ஸ் கேள்விக்கு வருவோம்.

உண்மையான மேக்ரோ லென்ஸ் பொருளை அதன் இயல்பான அளவிலேயே படத்தளத்தில் விழச்செய்யும். புத்தகத்துக்கு அவ்வளவு தேவையே இல்லை. கிரவுன் பக்கம் ஒன்றை 36 மி.மீ. சட்டத்துக்குள் அடக்க ஐந்தில் ஒரு பங்கு அளவு போதும். சிறிய சென்சார் உள்ள காமிராவில் எட்டில் ஒரு பங்கு. அப்படியென்றால் மேக்ரோ லென்ஸின் பயன் என்ன? அது நெருங்குவதோடு நிற்காமல், தட்டையான தளத்தைத் தட்டையாகவே பதிகிறது. சாதாரண லென்ஸ் தொலைவுக்காக வடிவமைக்கப்பட்டது. நெருக்கத்தில் அதன் குவியப் பரப்பு கிண்ணம் போல் வளையும். நடுவைக் கூர்மையாக்கினால் ஓரம் கலங்கும், ஓரத்தைப் பிடித்தால் நடு நழுவும். ஜூம் லென்ஸில் எழுதப்பட்ட 'மேக்ரோ' என்ற சொல் பெரும்பாலும் 'கொஞ்சம் நெருங்கலாம்' என்பதற்கு மேல் எதையும் உறுதி சொல்வதில்லை.

குவிய நீளத்தில் 50 அல்லது 60 மி.மீ. புத்தகத்துக்கு ஏற்றது. ஐந்தில் ஒரு பங்கு அளவில் 50 மி.மீ. லென்ஸ் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். 100 மி.மீ. லென்ஸுக்கு 60 சென்டிமீட்டர் வேண்டும். பூச்சிக்கு இந்தத் தூரம் நல்லது. அது பறந்துபோகாது, நம் நிழலும் விழாது. பறக்காத புத்தகத்துக்குத் தூணின் உயரமும் அதிர்வும் கூடுவதே மிச்சம்.

பணம் இல்லாதவருக்கு வழி உண்டா? உண்டு. எக்ஸ்டென்ஷன் டியூப் என்பது உள்ளே கண்ணாடி ஏதுமில்லாத வெற்றுக் குழாய். லென்ஸைக் காமிராவிலிருந்து தள்ளி நிறுத்துவதே அதன் வேலை. குழாயின் நீளத்தைக் குவிய நீளத்தால் வகுத்தால் உருவ அளவு கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 12 மி.மீ. குழாய் போட்டால் ஏறக்குறைய கால் பங்கு. ஒளி சற்றுக் குறையும். முழு அளவுக்கு நெருங்கினால் இரண்டு படி குறையும். மூக்குக்கண்ணாடிபோல் முன்னால் திருகும் குளோஸப் லென்ஸ் ஒளியைத் தின்னாது, ஆனால் மலிவான ஒற்றைக் கண்ணாடி எழுத்தின் ஓரத்தில் நிறக்கோடு பூசும். பழைய இருட்டறைகளில் சும்மா கிடக்கும் என்லார்ஜர் லென்ஸ்கள் நல்ல தேர்வு. தட்டையான நெகட்டிவைத் தட்டையான தாளில் விழச்செய்யப் பிறந்தவை அவை. பெல்லோஸில் பொருத்தினால் பெயர்பெற்ற மேக்ரோக்களுக்குச் சளைக்காது.

எங்களுள் ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் அலுமினியத்தில் ஒரு குழாயைக் கடைந்து வாங்கினார். உட்புறம் கறுப்பு பூச மறந்ததால் முதல் படங்களில் நடுவே வெண்மைத் திரை விழுந்தது. கறுத்த காகிதம் ஒட்டியபின் சரியாயிற்று. இதற்கெல்லாம் முன்னோடி நம்மிடமே உண்டு. அ. மாதவையாவின் மகனும் காட்டுயிர் எழுத்தாளருமான மா. கிருஷ்ணன் (1912-1996) வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளை ஒன்றாக இணைத்து, அந்தப் பளுவான படைப்புக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று விளையாட்டாகப் பெயரிட்டு, காட்டில் யானைகளைப் படமெடுத்தவர்.

துளை எஃப் 8 பக்கம் இருக்கட்டும். எஃப் 22 வரை மூடினால் கூர்மை கூடும் என்று எண்ணுவது பிழை. மிகச் சிறிய துளையில் ஒளி சிதறிப் புள்ளி கரையும். தூண் அசையக் கூடாது, விரல் பொத்தானைத் தொடக் கூடாது. தாமத விசை போதும். தையல் இறுகிய நூலைத் தட்டையாக விரித்து முதுகை முறிப்பதைவிட, வி வடிவத் தாங்கியில் பாதி திறந்துவைத்து ஒவ்வொரு பக்கமாக எடுப்பது மேல்.

ஒளிதான் எல்லாவற்றிலும் முக்கியம். அச்சு நூலுக்கு இரண்டு விளக்குகள், இருபுறமும் 45 பாகையில். பென்சில் எழுத்துக்கு அதுவும் போதாது. பென்சில் கரி மின்னும் பொருள். நேரே அடிக்கும் ஃப்ளாஷ் அதில் பட்டு லென்ஸுக்கே திரும்பிவந்து எழுத்தை வெள்ளையாக்கும். ஒரே விளக்கைப் பக்கவாட்டில் மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்தால் மின்னல் அடங்கும். அதோடு, பென்சில் முனை காகிதத்தில் அழுத்திய பள்ளம் நிழலாக எழும். கரி அழிந்துபோன இடத்தில்கூடப் புள்ளி குழியாகத் தெரியும். கல்வெட்டு மசிப்படிக்காரர்கள் அறிந்திருந்த அதே உண்மை.

இதைக் கண்டுகொண்ட நாளில் நாங்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். நாங்கள் காத்திருந்தது லென்ஸுக்காக. தேவைப்பட்டதோ பெரியவரின் வீட்டிலேயே இருந்த மேசை விளக்கு. ஏப்ரலில் அந்த ஜூம் லென்ஸையே ஒரு முக்காலியில் நிறுத்தி, ஃப்ளாஷை அணைத்து, மேசை விளக்கைச் சாய்த்து, பக்கத்தை நான்கு துண்டாக எடுத்திருந்தால் புள்ளிகளில் பெரும்பகுதி தப்பியிருக்கும்.

*

லென்ஸை வாங்கியபின் அதைக் காப்பதும் நம் ஊரில் ஒரு வேலை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தை மிஞ்சித் தொடர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தோல் பையில் மூடிவைத்த லென்ஸின் உள்ளே சிலந்திவலைபோல் படரும். பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் போகாது. காற்றுப் புகாத பெட்டியும் சிலிகா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடலாம். நூலை அழிக்கும் ஈரமும் நூலைக் காக்க வந்த லென்ஸை அழிக்கும் ஈரமும் ஒன்றே என்பதை நாங்கள் பட்டே தெரிந்துகொண்டோம்.

இன்று கைப்பேசியே போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நீளவாக்கில் 4,000 படப்புள்ளிகள் உள்ள படத்தில் பக்கம் அடங்கினால் நம் மெய்ப்புள்ளிக்கு எட்டுப் படப்புள்ளி கிடைக்கும், போதும். அதையே செய்திச் செயலி வழியே அனுப்பி 1,600 ஆகச் சுருங்கவிட்டால் மூன்று மிஞ்சும். அதையும் சுருக்க மென்பொருள் அழுக்கென்று எண்ணித் துடைத்துவிடலாம். ஆகவே எடுப்பதைவிட அனுப்புவதில் எச்சரிக்கை தேவை. 2013இல் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியக் கணினியியலாளர், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது 6 என்ற எண்ணை 8 ஆக மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கருதிச் சேமிக்கும் சுருக்க முறையின் விளைவு அது. படம் மங்கலாக இருந்திருந்தால் சந்தேகம் எழுந்திருக்கும்; அதுவோ தெளிவாகவே பொய் சொன்னது. ணகரமும் னகரமும், புள்ளியுள்ளதும் இல்லாததும் உறவாடும் நம் எழுத்தில் இப்படி ஒன்று நேர்ந்தால் கண்டுபிடிப்பவர் யார்?

*

நோட்டின் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். வெள்ளம் வடிந்து சில மாதங்களுக்குப் பின், 62 பக்கப் படங்களையும் பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு பெரியவரின் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கும் முறையில் என்னவோ தொடங்கினோம். அவர் கையமர்த்திவிட்டுத் தம் தங்கையை வரச்சொல்லியிருந்தார். பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்த தங்கை. எழுபதைத் தாண்டியவர்.

அந்த அம்மாவுக்கு எழுத்தைப் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. நாங்கள் வரியைப் புள்ளி இல்லாமல், எழுத்தெழுத்தாக, திக்கித் திக்கிப் படித்தோம். நாலு எழுத்து வருவதற்குள் அவர் பாடத் தொடங்கினார். பாடும்போது புள்ளிகள் தாமே வந்து உட்கார்ந்தன. எந்த இடம் குறில், எந்த இடத்தில் மெய் ஒற்றி நிற்கிறது என்பதைத் தாளம் சொல்லியது. ஓலைக்காலத்தில் புள்ளியில்லாத சுவடியை மனிதர் எப்படிப் படித்தார்கள் என்பதை அன்று மாலை எங்கள் காதால் அறிந்தோம்.

மூன்று ஞாயிறுகள் ஆயின. தாலாட்டுகள் முழுமையாகத் தேறின. கும்மியில் இரண்டு பாடல்கள் அவர் கேட்டறியாதவை. ஒப்பாரிப் பக்கங்களை, அவை தம் தகப்பனாருக்காக அம்மா கட்டியவை என்று சொல்லி, அவர் பாட மறுத்துவிட்டார். நாங்கள் வற்புறுத்தவில்லை. பெயர்த்தெழுதிய படியில் ஐயமான இடம் ஒவ்வொன்றிலும் சிறு கட்டம் போட்டிருக்கிறோம். மொத்தம் 41 கட்டங்கள். ஊகித்து நிரப்ப முடியும், நிரப்பவில்லை.

படியின் ஒரு பிரதி பெரியவரிடம் இருக்கிறது. பீரோவின் மேல்தட்டில்.